அரை நாள் வேலை

“அரை நாள் வேலைதான் அண்ணே” என்று சொன்னவர் இப்போது லிஃப்டில் என்னைப் பார்த்தால் கைப்பேசிக்குள் தலையை விட்டுக்கொள்கிறார். விட்டுக்கொள்ளட்டும். அவர் ஏழாம் மாடி, நான் ஒன்பது. கீழ்த்தளத்திலிருந்து ஏழுவரைக்கும் அவருக்குத் தப்பிக்க வழியில்லை, எனக்கும் பேச மனமில்லை. வலது கட்டைவிரலில் ஒரு சிராய் இன்னும் உள்ளேயே கிடக்கிறது. மனைவி ஊசியோடு வந்தாள். முன்பொரு தடவை அவள் முள் எடுத்த அழகு நினைவிருந்ததால் வேண்டாம் என்றுவிட்டேன். ஆகவே இதை இடக்கையால் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் ஏழாம் மாடிக்கு எழுதிப் போடுங்கள்.

மக்கிப்போன மரத்தளத்தை ஆள் வைக்காமல் நாமே சரிசெய்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். பலகையைக் கழற்றுவதில் தொடங்கி எண்ணெய் பூசுவதுவரை ஒவ்வொன்றாகச் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் அந்தத் தளம் எங்கள் தலையில் எப்படி வந்து விழுந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு பூன் லேயில். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, முன்னொரு காலத்தில் தாராள மனத்தோடு கட்டிய எக்சிகியூட்டிவ் ரகம், பால்கனி உண்டு. முந்தைய உரிமையாளர் அந்தப் பால்கனி முழுவதும் மரப்பலகை பதித்திருந்தார். வீடு பார்க்க வந்த அன்று முகவர் சமையலறையைக் காட்டவில்லை, குளியலறையைக் காட்டவில்லை. நேரே பால்கனிக்குக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்து, “ரிசார்ட் ஃபீல் சார்” என்றார். மரம் பளபளவென்று இருந்தது. அந்த எண்ணெய் முதல்நாள் ராத்திரி பூசியதாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ரிசார்ட்டில் மரத்தைத் துடைக்கவும் தேய்க்கவும் சம்பளத்துக்கு ஆள் இருக்கும். எங்கள் வீட்டில் நான் இருக்கிறேன்.

பால்கனி மேற்குப் பார்த்தது. சிங்கப்பூரில் மேற்குப் பார்த்த வீடு என்றால் எல்லாரும் வெயிலைத்தான் சொல்லிப் பயமுறுத்துவார்கள். சுமத்ராவை யாரும் சொல்வதில்லை. ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை, பெரும்பாலும் விடியற்காலையில், சுமத்ரா தீவுக்கு மேலேயோ மலாக்கா நீரிணையிலோ ஒரு மேகவரிசை திரண்டு கிழக்கே கிளம்பும். கிளம்பினால் நேரே இந்தப் பக்கம்தான். பிடோக்கில் குடியிருப்பவருக்கு அது வரும் செய்தியைக் கைப்பேசியில் படித்து, கொட்டாவி விட்டு, துணியை உள்ளே எடுத்து வைக்க நேரம் இருக்கிறது. துவாஸும் பூன் லேயும் தீவின் வாசற்படி. எங்களுக்குச் செய்தியும் மழையும் சேர்ந்தே வரும். மழை சற்று முந்தி வரும். அதுவும் மேலிருந்து விழுகிற மழையில்லை, பக்கவாட்டில் அறைகிற மழை. பால்கனிக் கூரை அதை மரியாதையாக ஒதுங்கி நின்று பார்க்கும்.

இந்த ஊரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வருஷத்தில் ஏறக்குறைய 170 நாள் மழைநாள். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு வேண்டியது ஈரம், காற்று, வெதுவெதுப்பு, தின்பதற்கு மரம். முதல் மூன்றையும் சிங்கப்பூர் இலவசமாகத் தருகிறது. நாலாவதை நாம் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறோம். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை அண்டாது என்பது தச்சர்களின் கணக்கு. பூன் லேயில் அவ்வளவு வறட்சியாக நான் கண்டது என் மாமனாரின் பேச்சு ஒன்றுதான்.

ஆனாலும் திறந்த வெளியில் மரம் போடும் ஆசை நம்மை விடுவதில்லை. நாட்டுக்கே அந்த ஆசை உண்டு. 2008இல் திறந்த ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தைப் பாருங்கள். 274 மீட்டர் நீளம், சாலைக்கு 36 மீட்டர் உயரம், அலையலையாக பாலாவ் மரம். கல்யாண ஜோடிகள் வெள்ளை கவுனில் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் இருக்கிறது. என் தளத்தைப் பார்த்துக்கொள்ள மாமனார் இருந்தார், நாற்காலி போட்டு.

மாமா தினமும் காலையில் பால்கனியில் உட்கார்ந்துதான் தமிழ் முரசு வாசிப்பார். ஒருநாள் நாற்காலியின் பின்கால் ஒன்று பலகைக்குள் இறங்கியது. சத்தமே இல்லை. அவர் சாய்ந்த வாக்கிலேயே தலையங்கத்தை முடித்து, விளையாட்டுப் பக்கத்தையும் முடித்து, அப்புறம்தான் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “மாப்பிள்ளை, வீடு ஒரு பக்கமா இறங்குது, என்னன்னு பாருங்க.” நான் போய்த் திருப்புளியால் அந்த இடத்தைக் குத்திப் பார்த்தேன். கேசரிக்குள் கரண்டி போவது போலப் போயிற்று.

கான்ட்ராக்டர் ஒருவரை வரவழைத்தோம். அவர் குனியவில்லை. சப்பாத்து முனையால் தட்டினார், தலையை ஆட்டினார், “ஹோல் திங் மஸ்ட் சேஞ்ச்” என்றார். ஒரு தொகை சொன்னார். மனைவி மறுபேச்சில்லாமல் சமையலறைக்குப் போய்விட்டாள். மாமா முரசை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். கான்ட்ராக்டர் போனபின், லிஃப்ட் கதவு மூடிவிட்டதா என்று உறுதிசெய்துகொண்டு, நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். உங்களுக்கே தெரியும் எந்த வாக்கியம் என்று. “எதுக்கு ஆளுக்குக் கொட்டிக் குடுக்கணும்? நாமளே பார்த்துக்கலாம்.”

இதில் சிக்கனம் கடுகளவும் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். விலை சொன்னவன்மேல் ஏற்பட்ட கோபம்தான் அது. “அவன் எப்படி என்கிட்ட அந்த விலை சொல்லலாம்?” என்கிற ரோஷத்தில் நம் வீடுகளில் எத்தனை குழாய் ஒழுகுகிறது, எத்தனை அலமாரி சாய்ந்து நிற்கிறது, எத்தனை மின்விசிறி டக் டக்கென்று சுற்றுகிறது! தள்ளுபடியில் வாங்கிய டிரில் ஒவ்வொரு வீட்டிலும் பெட்டியோடு கட்டிலடியில் படுத்திருக்கிறது. கணக்குப் பார்த்தால் அந்த டிரில்லே ஒரு கான்ட்ராக்டர். யார் பார்க்கிறார்கள் கணக்கு?

சரி, முறைக்கு வருகிறேன்.

எல்லாரும் செய்வதுபோல நானும் முதலில் வீடியோ பார்த்தேன். மக்கிய மரத்தளத்துக்கு உள்ள வீடியோக்களில் முக்கால்வாசி அமெரிக்கர் எடுத்தவை. அந்த மனிதருக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு புல்வெளி, பக்கத்தில் ஒரு கொட்டகை, கொட்டகைக்குள் மேசை ரம்பம், வெளியே பிக்கப் லாரி, லாரியில் ஒரு நாய். இவ்வளவும் இருக்கிறவர் தளத்தை ஏன் பழுதுபார்க்கிறார், புதிதாக ஒரு கிராமமே கட்டிக்கொள்ளலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் பச்சையாக ஒரு மரம் காட்டுகிறார். அது மருந்தேற்றிய பைன். ஒரு காலத்தில் அதில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் ஏற்றுவார்களாம். 2003 முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்திவிட்டார்களாம். கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே சொல்வது: “இரண்டு மூன்று வாரம் நன்றாகக் காயவிடுங்கள், அப்புறம் வண்ணம் பூசலாம்.” பூன் லேயில் இரண்டு வாரத்தில் காய்வது என் மனைவி போடும் மோர் மிளகாய், அதுவும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால்தான்.

அவர் வாரக்கடைசியில் வேலை செய்கிறார் என்பதையும் கவனியுங்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வீவக வீட்டில் உடைப்பு, இடிப்பு என்று பெரிய சத்தம் வரும் வேலை வாரநாளில் 9 மணியிலிருந்து 5 மணிவரை மட்டும். மற்றப் புதுப்பிப்பு வேலை திங்கள் முதல் சனிவரை 9லிருந்து 6வரை. ஞாயிறும் பொது விடுமுறையும் கூடவே கூடாது. நல்ல விதிதான், மேல்மாடிக்காரர் சுவரை இடித்தபோது நானே அதை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். ஆனால் மாதச் சம்பளக்காரனுக்கு இதன் பொருள் சனிக்கிழமை ஒன்றுதான். சனிக்கிழமை மழை பெய்யும்.

முதல் வேலை பலகையைக் கழற்றுவது. அதற்கு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். வீடியோவில் இதற்கு நாலு விநாடி ஒதுக்கியிருந்தார்கள். ஸ்க்ரூக்களைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. அவசரமுள்ளவர்கள் இரண்டு மூன்று பத்தி தள்ளிப் படிக்கலாம், அங்கேயும் ஸ்க்ரூதான்.

ஒரே பால்கனியில் எத்தனை விதமான மண்டை! முந்தைய உரிமையாளர் ஒரு பலகை ஆடினால் கையில் அகப்பட்டதை எடுத்து முறுக்கியிருக்கிறார். ஒற்றைக்கோடு மண்டை ஒரு வரிசை, சிலுவை மண்டை ஒரு வரிசை, சிலுவைக்குள் இன்னொரு சிலுவை ஒரு வரிசை, ஓரத்தில் ஆறு முனை நட்சத்திரம் இரண்டு. கீழடியில் இப்படி அடுக்கடுக்காகக் கிடைத்திருந்தால் அமைச்சர் நேரில் வந்து பார்த்திருப்பார்.

இதில் ஒற்றைக்கோடுதான் ஆதி. திருப்புளி அதில் நிற்காது. நழுவிக் கையைக் கிழிக்கும். கனடாவில் ராபர்ட்சன் என்ற விற்பனையாளருக்கு அப்படித்தான் கை கிழிந்ததாம். அந்த ஆத்திரத்தில் அவர் 1908இல் சதுரக் குழி போட்ட மண்டையைக் கண்டுபிடித்தார். திருப்புளி நழுவாது, ஸ்க்ரூ கீழே விழாது, ஒற்றைக் கையால் வேலை முடியும். கனடாவில் ஃபோர்டு கார் செய்த இடத்தில் அதைத்தான் வாங்கிப் போட்டார்கள். ஹென்றி ஃபோர்டு அதன் உரிமத்தைத் தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தார். ராபர்ட்சன் மாட்டேன் என்றார். முடிந்தது கதை. இரண்டு பெரிய மனிதர்களின் வீம்பில் உலகத்தின் முக்கால்வாசிக்கு நல்ல ஸ்க்ரூ கிடைக்காமல் போயிற்று. யுத்தங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள், இதை ஏன் சொல்லித் தருவதில்லை?

காலியான அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர் அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ். 1936இல் காப்புரிமை வாங்கினார். முதலில் காடிலாக் காரில் புகுந்தது, பிறகு எல்லாக் காரிலும், பிறகு எல்லா வீட்டிலும், கடைசியில் என் பால்கனியில். பிலிப்ஸின் சிலுவைக் குழிக்கு ஒரு குணம் உண்டு: முறுக்கு அதிகமானால் திருப்புளி தானாக எழும்பி வெளியே வந்துவிடும். வரும்போது குழியின் ஓரத்தையும் மழித்துக்கொண்டு வரும். ஆட்கள் அளவுக்கு மீறி முறுக்கக்கூடாது என்று அவர் வேண்டுமென்றே அப்படி வைத்தார் என்று ஒரு கட்சி; அதெல்லாம் பின்னால் கட்டிய கதை என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. தற்செயலாக ஒரு மனிதனால் இவ்வளவு கெடுதல் செய்ய முடியாது.

அதோடு நின்றதா? ஜப்பான்காரர்கள் அதே சிலுவையை மயிரிழை மாற்றிச் செய்தார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பிலிப்ஸ் திருப்புளியைப் போட்டு அழுத்தினால்தான் தெரியும், அப்போது தெரிந்து பயனில்லை. ஆங்கிலேயர்கள் பங்குக்குப் போசிடிரைவ் என்று ஒன்று: சிலுவைக்கு நடுநடுவே மெல்லிசாக நாலு கோடு இழுத்து, இது வேறு ஜாதி என்றார்கள். துருப்பிடித்தபின் அந்தக் கோட்டைத் தேட பூதக்கண்ணாடி வேண்டும். 1967இல் அமெரிக்காவிலிருந்தே டோர்க்ஸ் வந்தது, ஆறு முனை நட்சத்திரம். உண்மையிலேயே நல்ல ஸ்க்ரூ, பிடித்தால் விடாது. எங்கள் தளத்தில் நட்சத்திரம் இருந்த இரண்டும் மக்காத பலகையில் இருந்தன. கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் கழற்றிப் பார்த்தேன். சுகமாக இருந்தது. திரும்ப மாட்டிவிட்டேன்.

மீதி எல்லாம் துரு. கெட்டி மரங்கள் பலவற்றில் டேனின் இருக்கும். இரும்பும் ஈரமும் அதோடு சேர்ந்தால் கறுத்துப்போகும். மண்டை எது மரம் எது என்று தெரியாமல் கைப்பேசி விளக்கை அடித்துக்கொண்டு, குப்புறப் படுத்து, குழிக்குள் இருந்த அழுக்கைப் பல்குத்தியால் நோண்டினேன். வழுக்கும் மண்டைக்கு ரப்பர் பேண்டு வைத்து முறுக்கு என்றது ஒரு வீடியோ. ரப்பர் பேண்டு அறுந்தது. சுத்தியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முறுக்கு என்றது இன்னொன்று; தட்டியது கீழ்வீட்டுக்குக் கேட்டது, ஸ்க்ரூவுக்குக் கேட்கவில்லை. கடைசியாக இடப்பக்கம் சுற்றும் ஒரு துளையூசியை வாங்கி மண்டையில் துளை போட்டேன். மண்டை தனியாகத் தெறித்தது. தெறித்தது பால்கனிக் கம்பிகளுக்கு வெளியே.

ஒன்பதாம் மாடியிலிருந்து ஒரு பொருள் விழுவது இந்த ஊரில் சாதாரண விஷயமில்லை. அபராதம், சிறை ஒருபுறம் இருக்கட்டும். வீட்டையே வீவக திரும்ப எடுத்துக்கொள்ளவும் விதியில் இடமிருக்கிறது. பிலிப்ஸ் என்ற மனிதர் ஓரிகனில் உட்கார்ந்து செய்த காரியத்துக்கு நான் வீட்டை இழப்பதா? மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன். புல்தரையில் ஒரு மைனா நடந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அது யாரிடமும் சொல்லாது என்ற நம்பிக்கையில் உள்ளே வந்து தண்ணீர் குடித்தேன்.

சரி, முறை. பலகை கழன்றதும் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் தண்ணீர் இருந்தது. அடிச்சட்டங்கள் வடிகாலுக்குக் குறுக்கே அணைக்கட்டாகப் படுத்திருந்தன. மேட்டூரில் இவ்வளவு ஒழுங்காகத் தேங்கினால் டெல்டாவில் கவலை இருக்காது. துணி காயப்போடும் கிளிப்புகள், ஒரு சீனப் புத்தாண்டுத் தோரணம், மாமாவின் தொலைந்துபோன மூக்குக்கண்ணாடிக் காது, இவற்றுக்கு நடுவே சின்னச் சின்னதாக என்னவோ நெளிந்தது. மனைவி பார்த்துவிட்டு, “என்னங்க, அது கொசுப்புழு” என்றாள். 2020இல் இந்தத் தீவில் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. வீட்டில் கொசு வளர்த்தால் தேசியச் சுற்றுப்புற வாரியம் 200 வெள்ளி தீட்டும். பூச்சட்டித் தட்டு, பூச்சாடி, மூங்கில் கழி மாட்டும் குழாய் எல்லாவற்றையும் வாராவாரம் கவிழ்த்துவைக்கும் குடும்பம் நாங்கள். ரிசார்ட்டுக்கு அடியில் பண்ணை நடந்திருக்கிறது.

இதற்குள் செய்தி புளோக் முழுக்கப் பரவிவிட்டது. டிரில் சத்தத்துக்கு ஒரு விசேஷம்: எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பூன் லேயில் இன்னொரு விசேஷம் உண்டு. 1961இல் அப்போதைய நிதியமைச்சர் கோ கெங் சுவீ சதுப்பு நிலத்தைத் திருத்தி ஜூரோங்கில் தொழிற்பேட்டை போட்டபோது ‘கோவின் முட்டாள்தனம்’ என்று சிரித்தார்களாம். அதன் பலனாக இங்கே சுற்றுவட்டாரத்தில் இருக்கும் பெரியவர்களில் பாதிப்பேர் ஏதாவதொரு கப்பல் பட்டறையிலோ உலையிலோ முப்பது நாற்பது வருஷம் கையால் வேலை பார்த்தவர்கள். இப்போது ஓய்வில் இருக்கிறார்கள். கை ஓய்ந்துவிட்டது, வாய் ஓயவில்லை.

அவர்களில் ஒருவர், பதினோராம் மாடி, மூத்த தமிழர், கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பால்கனிக்கு வந்தார். “தம்பி, மரத்தை அழிக்கிறது கடல்தண்ணி இல்ல, மழைத்தண்ணி. அந்தக் காலத்துல கப்பல் டெக்கைத் தினம் உப்புத்தண்ணி ஊத்தித்தான் கழுவுவாங்க. வாரம் ஒரு வாளி உப்புத்தண்ணி ஊத்துங்க, அப்புறம் பாருங்க.” தவறென்று சொல்ல முடியாது. உப்புநீர் பூஞ்சையைத் தடுக்கும் என்பது மாலுமிகளுக்குத் தெரிந்த சங்கதிதான். பம்பாயில் மலபார்த் தேக்கில் கட்டி 1817இல் கடலில் இறக்கிய ‘டிரிங்கமலி’ என்ற போர்க்கப்பல், நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கியது, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றைக்கும் மிதந்துகொண்டிருக்கிறது. இருநூறு வருஷம்! என் தளம் மாமாவின் நாற்காலிக்கே ஈடுகொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கப்பலுக்கு எட்டாம் மாடி என்று ஒன்று கிடையாது. நான் ஊற்றும் உப்புத்தண்ணீர் எட்டாம் மாடிக்காரரின் வெள்ளைச் சட்டைகள்மேல்தான் இறங்கும். இதைச் சொன்னேன். பெரியவர் யோசித்து, “அவங்ககிட்ட சொல்லிட்டு ஊத்துங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை துருப்பிடிக்காத ஸ்க்ரூ வாங்கக் கிளம்பினேன். புளோக் கீழே இருக்கும் ஹார்ட்வேர் கடையில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அந்த அங்கிள் எதைக் கேட்டாலும் திருப்பிக் கேட்பது ஒன்றே: “பாஸ், யூ வான்ட் சீப், ஆர் யூ வான்ட் குட்?” இதற்கு மரியாதையான பதில் எனக்கு இன்னும் அகப்படவில்லை. ஆகவே ஜாலான் புசார், கிளந்தான் லேன் பக்கம் போவோம், அங்கேதான் வன்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன என்று பச்சைக்கோட்டு ரயிலில் ஏறினேன். தேக்காவுக்குப் பக்கத்தில் போகிறேன் என்று தெரிந்ததும் மனைவி ஒரு பட்டியல் கொடுத்தாள்: முருங்கைக்காய், வாழைப்பூ, அரைக்கிலோ சின்ன வெங்காயம், மாமாவுக்கு வெற்றிலை. வன்பொருள் கடைகள் ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்தியிருந்தன. சாத்தாத கடை ஒன்று இருந்தது. அதில் விளக்குத்தான் விற்றார்கள். சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தை இருந்தவரை எந்தக் காலத்து ஸ்க்ரூவும் தரையில் குவியலாகக் கிடைக்கும். அதையும் 2017 ஜூலையோடு மூடிவிட்டார்கள். அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஊரே ஒரு ஸ்க்ரூவைத் தேடி அலையும்போது ஆறு முனை, நாலு முனை எல்லாம் ஐம்பது காசுக்குக் கொடுத்த மனிதர்களை எழுப்பி அனுப்பிவிட்டோம். முருங்கைக்காயோடு வீடு வந்து சேர்ந்தேன்.

பலகை வாங்கிய கதையைச் சுருக்கிவிடுகிறேன். செங்கால் மரம் நல்லது, விலை அதிகம். பாலாவ் பரவாயில்லை. கம்போசிட் என்று மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து ஒன்று வருகிறது. மக்காது, ஆனால் நண்பகல் வெயிலில் அதில் வெறுங்காலோடு நின்றால் நீங்களே குதித்து உள்ளே வந்துவிடுவீர்கள். சுங்கை காடூட் மரக்கடையில் நான் கேட்டது சில பலகை. லாரி வரவேண்டுமென்றால் இவ்வளவாவது எடுக்க வேண்டும் என்றார்கள். அந்த ‘இவ்வளவு’க்குப் பால்கனியையே இரண்டு தடவை மூடலாம். வந்த பலகை லிஃப்டுக்குள் நிமிர்ந்து நிற்கவில்லை, சாய்த்தாலும் கதவு மூடவில்லை. ஏழாம் மாடிக்காரர் அப்போது அந்த வழியாக வந்தார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படி ஏறிப் போய்விட்டார். மிச்சப் பலகைகள் இப்போது எங்கள் கட்டிலடியில், டிரில் பெட்டிக்குப் பக்கத்தில்.

பாதித் தளம் புதிதாகிவிட்டது. மீதிப் பாதிக்குச் சனிக்கிழமை வெயில் அடிக்க வேண்டும். மாமா நாற்காலியைப் புதுப் பலகைக்கு மாற்றவில்லை. “அதுவும் எப்படின்னு பார்ப்போம்” என்று வரவேற்பறையில் உட்கார்ந்து முரசு வாசிக்கிறார். அடிச்சட்டத்துக்கு எவ்வளவு இடைவெளி விடுவது, பலகை முனைகளை எப்படி மூடுவது, எந்த எண்ணெயை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பூசுவது, எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். சொல்கிறேன், முதலில் பழைய பலகை என்ன ஆயிற்று என்பதை முடித்துவிடுகிறேன்.

பழைய மெத்தை, அலமாரி என்றால் நகர மன்றத்திடம் சொல்லிவைத்தால் வந்து எடுத்துப்போவார்கள். புதுப்பிப்புக் கழிவு என்றால் எடுக்க மாட்டார்கள். பால்கனியிலிருந்து கழற்றிய பலகை கழிவா, சாமானா? இதைப் பற்றித் தொலைபேசியில் ஒரு நீண்ட தத்துவ விசாரணை நடந்து, காசு கொடுத்து லாரிக்காரரைக் கூப்பிடுவதில் முடிந்தது. அவர் காலையில் வருவதாகச் சொன்னதால் ராத்திரியே பலகைகளைக் கட்டிக் கீழே இறக்கிச் சுவரோரம் சாத்திவைத்தேன். காலையில் கட்டுப் பாதியாகியிருந்தது. லாரிக்காரர் முழுக் கூலி வாங்கிக்கொண்டார்.

போன வாரம் மூன்றாம் மாடியில் ஒருவர் நடைபாதையோரம் செடிகளுக்கு மரத்தாங்கி செய்து வைத்திருப்பதைப் பார்த்தேன். பச்சை வண்ணம் அடித்திருந்தார். தீயணைப்புக்காரர்கள் கேட்கிற 1.2 மீட்டர் வழியைக் கோடு போட்டு விட்டிருந்தார். அதன்மேல் பண்டான், கறிவேப்பிலை, மிளகாய், ஒரு கனமான தொட்டியில் எலுமிச்சை. மேல் தட்டின் ஓரத்தில், பச்சைக்கு அடியில், நாற்காலிக் கால் போட்ட ஓட்டை. “ஃப்ரீ வுட், அங்கிள்! யாரோ தூக்கிப் போட்டுட்டாங்க” என்று சொல்லிப் பெருமையாகத் தட்டிக் காட்டினார். எலுமிச்சைத் தொட்டி லேசாக ஆடியது.

நல்ல மரம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.